‘சென்சார் கோளாறு’ என்று எழுதிக் கையெழுத்திடலாமா?

பெங்களூரில் வேலை பார்க்கும் மின் பொறியாளர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நிறுவனம், காற்றாலைப் பண்ணை, இயந்திர எண் ஆகிய அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 34. திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவர். முப்பந்தல் பகுதியில் தரைக் காற்றாலைகளைச் சில ஆண்டுகள் பராமரித்துவிட்டு, குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்தவர். ஐரோப்பாவின் வட கடலில் நிற்கும் ஒரு காற்றாலைப் பண்ணையை இங்கிருந்தபடியே கண்காணிக்கும் மையத்தில் இப்போது பணியாற்றுகிறார். அவர் பொறுப்பில் இருக்கும் காற்றாலைகளுக்குக் கியர்பெட்டி கிடையாது. இறக்கைகள் சுழலும் அதே வேகத்தில்தான் ஜெனரேட்டரும் சுழலும். சுழலும் பகுதியான ரோட்டரில் நிரந்தரக் காந்தங்கள் இருக்கின்றன. அசையாத பகுதியான ஸ்டேட்டரில் தனித்தனியான வைண்டிங்குகள் (செம்புக் கம்பிச் சுருள் தொகுதிகள்) இரண்டு இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் மூன்று பேஸ்கள், அதாவது மின்னோட்டம் ஓடும் மூன்று கிளைகள். ஒவ்வொரு வைண்டிங்குக்கும், மின்சாரத்தை மின்கட்டமைப்புக்கு ஏற்ப மாற்றித் தரும் ஒரு கன்வெர்ட்டர் உண்டு.

அவற்றில் ஒரு காற்றாலையில், முதல் வைண்டிங்கின் ஒரு பேஸ் மட்டும் மற்ற இரு பேஸ்களைவிட 4 டிகிரி கூடுதல் வெப்பத்தைக் காட்டத் தொடங்கியிருக்கிறது. மூன்று மாதங்களில் அந்த வித்தியாசம் 9 டிகிரியாக வளர்ந்துவிட்டது. இரண்டாம் வைண்டிங்கில் அப்படி எதுவும் இல்லை. வைண்டிங்குக்குள் ஷார்ட் ஏற்பட்டிருக்கிறது என்று இவர் மின்னஞ்சல் அனுப்பினார். மேலதிகாரியோ, மூன்று பேஸ்களிலும் மின்னோட்டம் ஏறத்தாழ சமமாக இருக்கிறது, சென்ற ஆண்டு இன்சுலேஷன் சோதனையில் 2,000 மெகா ஓம் வந்திருக்கிறது, அந்தப் பேஸ் காட்டும் 118 டிகிரி என்பது அனுமதிக்கப்பட்ட அளவைவிட மிகக் குறைவு, ஆகவே இது சென்சார் கோளாறுதான் என்று பதில் அளித்திருக்கிறார். அலாரம் அளவும் உயர்த்தப்பட்டுவிட்டது. மாத இறுதி மீளாய்வுக்கு முன் ‘சென்சார் கோளாறு, முடிக்கப்பட்டது’ என்ற படிவத்தில் கையெழுத்திடும்படி இவரிடம் கேட்டிருக்கிறார்கள். மறுத்தால் வேலைக்கு ஆபத்து வருமோ என்ற அச்சம் இவருக்கு. வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, குழந்தை இன்னும் கைக்குழந்தை. தரவுகளை வீட்டுக்கு எடுத்துச் சென்று ஆராய்ந்து, பண்ணையின் உரிமையாளருக்கே நேரடியாக அனுப்பிவிடலாமா என்றும் கேட்கிறார். “எப்படியும் ஷார்ட் முற்றினால் பிரேக்கர் டிரிப் ஆகிவிடும், யாருக்கும் ஆபத்து இல்லை, ஆனாலும் மனசாட்சி உறுத்துகிறது” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. படிவம், வேலை, தரவு எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

பிரேக்கர் திறந்தாலும் நிற்காத ஷார்ட்

முப்பந்தலில் நீங்கள் பராமரித்தவை பெரும்பாலும் தூண்டல் வகை ஜெனரேட்டர்களாக இருந்திருக்கும். அந்த வகையில் காந்தப்புலத்தை உண்டாக்குவதே வெளியிலிருந்து வரும் மின்னோட்டம்தான். பிரேக்கர் திறந்து மின்தொடர்பு அறுந்தால் காந்தப்புலம் சிறிது நேரத்தில் தணிந்துவிடும், வைண்டிங்கில் இருக்கும் ஷார்ட்டுக்கும் மின்னழுத்தம் கிடைக்காமல் போய்விடும். நிரந்தரக் காந்த ஜெனரேட்டரில் அப்படி நடக்க வழியே இல்லை. காந்தத்தை யாரும் அணைக்க முடியாது. ரோட்டர் சுழலும் வரை, வைண்டிங்கில் உள்ள கம்பியின் ஒவ்வொரு சுற்றிலும் மின்னழுத்தம் பிறந்துகொண்டே இருக்கும். ஒரே சுருளின் அடுத்தடுத்த இரண்டு சுற்றுகள் இன்சுலேஷன் கெட்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால், அவை தமக்குள்ளேயே ஒரு மூடிய வளையமாகிவிடுகின்றன. பிரேக்கரோ கன்வெர்ட்டரோ அந்த வளையத்தில் இல்லை. ஆகையால் வெளியே எதைத் திறந்தாலும், அந்த வளையத்துக்குள் ஓடும் மின்னோட்டம் ரோட்டர் நிற்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் எழுகின்றன. ஒன்று, பாதுகாப்பு சாதனங்கள் சரியாக வேலை செய்து டிரிப் ஆனாலும், இறக்கைகள் திரும்பிக் காற்றை விட்டுவிட்டு ரோட்டர் வேகம் இறங்கும் வரை அந்த இடம் தொடர்ந்து சூடேறும். ஏற்கனவே கருகத் தொடங்கிய இன்சுலேஷனுக்கு அந்த நேரம் மிக நீண்டது. இரண்டாவது விளைவு மனிதர்களைப் பற்றியது. ‘சென்சார் கோளாறு’ என்று பதிவான ஒரு காற்றாலைக்கு அனுப்பப்படும் தொழில்நுட்பப் பணியாளர், சென்சார் கம்பியை மாற்றப் போகிறோம் என்ற எண்ணத்தோடுதான் ஏறுவார். இறக்கைகள் காற்றிலிருந்து விலக்கப்பட்ட நிலையிலும் ரோட்டர் மெதுவாக அசைந்துகொண்டே இருப்பது வழக்கம். முழு வேகத்தில் 690 வோல்ட் தரும் ஒரு ஜெனரேட்டர், அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் சுழன்றால் டெர்மினலில் ஏறத்தாழ 69 வோல்ட் இருக்கும். இன்சுலேஷன் பலவீனமாகியிருக்கக்கூடிய ஒரு வைண்டிங்கில், ஈரமும் உப்பும் படிந்த இடத்தில், அது அலட்சியப்படுத்தத்தக்க அளவு அல்ல. ரோட்டரை நிறுத்தி, பூட்டு ஊசியைச் செருகி, மின்னழுத்தம் இல்லை என்று அளந்து உறுதிசெய்து, அதன் பிறகே டெர்மினல்களை எர்த் செய்து தொட வேண்டும் என்பது இந்த வகை இயந்திரங்களுக்குரிய அடிப்படை ஒழுங்கு. கையில் இருக்கும் பணிச்சீட்டு சிறிய வேலை என்று சொல்லும்போது அந்த ஒழுங்கில் தளர்வு ஏற்படும் சாத்தியம் கூடுகிறது. ஆகவே நீங்கள் கையெழுத்திடும் வாசகத்தைக் கடலில் ஒருவர் நம்பி ஏறுவார். உங்கள் உறுத்தலுக்கு வலுவான காரணம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் உங்கள் முடிவும் இன்னும் உறுதியாகவில்லை

இதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ‘வைண்டிங்குக்குள் ஷார்ட்’ என்று நீங்கள் எழுதியது ஒரு நியாயமான சந்தேகமே தவிர, நிரூபணம் ஆகாது. ஒரு பேஸின் சென்சார் கூடுதல் வெப்பம் காட்டுவதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம்: சென்சாரோ அதன் கம்பி இணைப்போ கெட்டிருக்கலாம், அந்தப் பகுதிக்குக் குளிர்காற்று செல்லும் வழி அடைபட்டிருக்கலாம், வைண்டிங்கின் ஒரு பற்றவைப்பு இணைப்பில் மின்தடை கூடியிருக்கலாம், அல்லது நீங்கள் அஞ்சுவதுபோல் சுற்றுகளுக்கிடையே ஷார்ட் இருக்கலாம். உங்கள் மேலதிகாரி முதல் காரணத்தையும் நீங்கள் கடைசிக் காரணத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இருவரில் எவரும் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. மகிழ்ச்சியான செய்தி என்னவென்றால், இந்த நான்கையும் பெருமளவு பிரித்தறிய உங்கள் மேசையில் ஏற்கனவே இருக்கும் ஸ்காடா (தொலைக் கண்காணிப்புக் கணினி அமைப்பு) பதிவுகளே போதும். யாரும் கடலுக்குப் போக வேண்டியதில்லை.

முதலில், அந்தக் காற்றாலை கடந்த மூன்று மாதங்களில் ஒரு நாளோ அதற்கு மேலோ முழுமையாக நின்றிருந்த நேரங்களைத் தேடி எடுங்கள். இவ்வளவு பெரிய இயந்திரம் ஆறுவதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால் குறுகிய நிறுத்தங்கள் பயன்படா. நன்றாக ஆறிய பிறகு மூன்று பேஸ்களும் ஒரே வெப்பத்துக்கு வந்துவிட வேண்டும். அப்போதும் அந்தச் சென்சார் மட்டும் 9 டிகிரி கூடுதலாகவே காட்டினால், வைண்டிங் சூடாக வழியில்லாத நேரத்தில் காட்டும் அந்த வெப்பம் பொய். உங்கள் மேலதிகாரி சொல்வதே சரி. மூன்றும் ஒன்றுசேர்ந்துவிட்டால், ஓடும்போது தெரியும் வித்தியாசம் மெய்யான வெப்பமாகவே இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஓர் எச்சரிக்கை: நின்றிருக்கும் நேரத்தில் ஈரம் படியாமல் இருக்கச் சிறிய ஹீட்டர்கள் ஓடும். அவை வைண்டிங்கை ஒரே சீராகச் சூடாக்குவதில்லை. ஆகவே பக்கத்துக் காற்றாலைகளில் அதே இடத்தில் உள்ள சென்சார்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, அந்த வித்தியாசம் எதைப் பின்தொடர்கிறது என்று பாருங்கள். மோசமான இணைப்பு என்றால் அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடாகும். சுமை குறைந்தால் வித்தியாசமும் சுருங்கிவிடும். அடைபட்ட காற்றுவழியும் பெரும்பாலும் சுமையோடுதான் போகும். சுற்றுகளுக்கிடையேயான ஷார்ட் வேறு விதமானது. அந்த வளையத்தை ஓட்டுவது ரோட்டரின் வேகம். வெளியே எவ்வளவு மின்சாரம் எடுக்கிறோம் என்பதை அது பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. சாதாரண ஓட்டத்தில் வேகமும் சுமையும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் இவ்விரண்டையும் பிரிப்பது கடினம். ஆனால் மின்கட்டமைப்பு கேட்டுக்கொண்டதால் உற்பத்தியைக் குறைத்து ஓடிய நேரங்கள் உங்கள் பதிவில் நிச்சயம் இருக்கும். அத்தகைய நேரங்களில் காற்று பலமாக இருந்து, ரோட்டர் வேகமாகச் சுழன்று, மின்னோட்டம் மட்டும் குறைவாக இருந்திருந்தால், அவை உங்களுக்குக் கிடைத்த புதையல். அந்த மணிநேரங்களிலும் 9 டிகிரி பிடிவாதமாக நின்றால் உங்கள் சந்தேகம் வலுப்பெறுகிறது. சுமையோடு சேர்ந்து அதுவும் விழுந்தால் இணைப்புகளையும் குளிரூட்டலையும் முதலில் பாருங்கள்.

மின்னோட்டங்கள் சமமாக இருப்பதை ஒரு சான்றாக உங்கள் மேலதிகாரி காட்டுகிறார். நேரடியாக மின்கட்டமைப்போடு இணைந்த இயந்திரத்தில் அந்த வாதத்துக்கு எடை உண்டு. இங்கே ஜெனரேட்டருக்கும் வெளியுலகுக்கும் நடுவில் கன்வெர்ட்டர் நிற்கிறது. மூன்று பேஸ் மின்னோட்டங்களையும் சமமாக வைத்திருப்பதே அதன் கட்டுப்பாட்டு மென்பொருளின் வேலை. வைண்டிங்கில் சமமின்மை இருந்தால், அதை ஈடுகட்டத் தன் மின்னழுத்தக் கட்டளைகளை மாற்றி மின்னோட்டத்தைச் சமப்படுத்திவிடும். ஆகையால் கோளாறின் தடயத்தை மின்னோட்டத்தில் தேடுவதைவிட மின்னழுத்தக் கட்டளைகளில் தேடுவதே முறை. மின் அதிர்வெண்ணின் இருமடங்கில் ஓர் அலைவு அங்கே தென்படும். ஸ்காடாவின் பத்து நிமிடச் சராசரிகளில் இது முற்றிலும் கரைந்துபோகும் என்பதால், கன்வெர்ட்டரின் அதிவேகப் பதிவை உற்பத்தியாளரிடமிருந்து கேட்டுப் பெற வேண்டும். முதல் வைண்டிங்கின் பதிவையும் இரண்டாம் வைண்டிங்கின் பதிவையும் ஒரே நேரத்துக்கு எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே தண்டில், ஒரே காற்றில் ஓடும் நலமான இரட்டை உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஒப்பிட இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

118 டிகிரி, 2,000 மெகா ஓம்: இவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை

எஃப் வகுப்பு இன்சுலேஷனுக்கு 155 டிகிரி, எச் வகுப்புக்கு 180 டிகிரி என்பவை அந்தப் பொருள் தாங்கும் வெப்ப எல்லைகள். முழு வைண்டிங்கும் சுமையால் சூடேறுவதைத் தடுப்பதற்கு அந்த எல்லை உதவும். ஓர் இடத்தில் மட்டும் இரண்டு சுற்றுகள் தொட்டுக்கொண்டிருப்பதை அது கண்டுபிடிக்காது. சென்சார் இருப்பது, ஸ்டேட்டரில் சுருள் செருகப்படும் ஒரு பள்ளத்துக்குள். கோளாறு அதிலிருந்து சில பள்ளங்கள் தள்ளியோ, வைண்டிங் வெளியே வளையும் முனைப்பகுதியிலோ இருந்தால், அங்குள்ள கடும் வெப்பத்தில் ஒரு சிறு பங்குதான் சென்சாரை எட்டும். ஆகவே சென்சார் காட்டும் 9 டிகிரியைக் கோளாறின் உண்மையான அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. இயங்கும் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் இன்சுலேஷனின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்ற பழைய கட்டைவிரல் விதி நீங்கள் அறிந்ததே. சென்சார் இருக்கும் இடத்திலேயே நீங்கள் அதன் விளிம்புக்கு வந்துவிட்டீர்கள். உடன்பிறந்த பேஸ்களுக்கிடையே வளர்ந்துவரும் வித்தியாசமே இங்கே அலாரமாக இருந்திருக்க வேண்டும். மொத்த வெப்ப அளவை உயர்த்தி அலாரத்தை அமைதிப்படுத்தியதால், கோளாறைச் சொல்லக்கூடிய ஒரே குரலையும் அடக்கிவிட்டார்கள்.

இன்சுலேஷன் சோதனையைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. மெகர் வைத்து அளப்பது செம்புக் கம்பிக்கும் இரும்பு உடலுக்கும் நடுவில் உள்ள இன்சுலேஷனை மட்டுமே. ஈரமும் உப்பும் படிந்திருக்கின்றனவா என்று அறிய அது மிக நல்ல சோதனை. மின் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇ-யின் 43ஆம் தரநிலை, 1,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட, முன்பே வடிவமைத்துச் செருகிய சுருள்கள் கொண்ட நவீன இயந்திரங்களுக்கே 40 டிகிரியில் குறைந்தபட்சம் 100 மெகா ஓம்தான் கேட்கிறது. உங்கள் 2,000 அதைத் தாராளமாகத் தாண்டுகிறது. ஆனால் ஒரே சுருளின் இரண்டு சுற்றுகள் முழுமையாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இந்த எண் இம்மியளவும் குறையாது, ஏனென்றால் அந்த இரண்டு சுற்றுகளும் இரும்பிலிருந்து விலகித்தான் இருக்கின்றன. சுற்றுகளுக்கிடையே உள்ள இன்சுலேஷனைப் பார்ப்பதற்கு, கணநேர உயர் மின்னழுத்தத் துடிப்பைச் செலுத்திப் பார்க்கும் சர்ஜ் சோதனை தேவை. இணைப்பு மோசமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மைக்ரோ ஓம் அளவில் மூன்று பேஸ்களின் மின்தடையையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ரோட்டரைப் பூட்டிவிட்டுச் செய்ய வேண்டியவை. மேலும் அந்த மெகர் சோதனை நடந்தது சென்ற ஆண்டு. உங்கள் வித்தியாசம் தொடங்கியதோ மூன்று மாதங்களுக்கு முன்.

பிரஷ்ஷும் ஸ்லிப் ரிங்கும் (சுழலும் பகுதிக்கு உராய்ந்தபடி மின்தொடர்பு தரும் பாகங்கள்) இல்லாத இயந்திரம் என்பதால் மின்கோளாறு வராது என்று கடிதத்தின் நடுவில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவற்றால் வரும் தொல்லைகள் இல்லை என்பது உண்மை. கன்வெர்ட்டரின் வேகமான மின்னழுத்தத் துடிப்புகள் சுருளின் முதல் சில சுற்றுகளைத் தாக்குவதும், தண்டு வழியே பேரிங்குக்குள் மின்னோட்டம் பாய்வதும், மிகை வெப்பத்தால் காந்தங்கள் வலுவிழப்பதும் இங்கும் உண்டு. ஐரோப்பாவில் சுமார் 350 கடல் காற்றாலைகளின் பதிவுகளை ஆராய்ந்து ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு காற்றாலைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 8.3 கோளாறுகள் பதிவாகியிருந்தன. முழுதாக மாற்ற வேண்டிவந்த பாகங்களில் கியர்பெட்டிக்கு அடுத்த இடத்தில் இருந்தது ஜெனரேட்டர். அவை கியர்பெட்டி உள்ள இயந்திரங்கள் என்பதால் அந்த எண்ணை அப்படியே உங்கள் பண்ணைக்குப் பொருத்தக்கூடாது. கடலில் ஜெனரேட்டர் தன்பாட்டுக்கு ஓடும் என்று நம்புவதற்கு இடமில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதி மின்திறனில் ஓட்டலாம் என்ற யோசனை

‘வேண்டுமானால் முதல் வைண்டிங்கைத் துண்டித்துவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்துப் பாதி மின்திறனில் கோடை வரை ஓட்டிக்கொள்ளலாம்’ என்று உங்கள் மேலதிகாரி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதைச் சமரசம் என்று நினைத்து நீங்களும் ஆறுதல் அடைந்திருக்கிறீர்கள். இணைப்பில்தான் கோளாறு என்றால் இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. மின்னோட்டம் ஓடாத இணைப்பு சூடாகாது. ஆனால் சுற்றுகளுக்கிடையே ஷார்ட் இருக்குமானால் இது ஒன்றையும் தணிக்காது. இரண்டாம் வைண்டிங்குக்காக ரோட்டர் சுழலும்போது, அதே காந்தங்கள் துண்டிக்கப்பட்ட முதல் வைண்டிங்கையும் கடந்துதான் போகின்றன, வளையத்துக்குள் மின்னோட்டம் பழையபடியே ஓடும். அப்போது முதல் வைண்டிங்கின் மின்னோட்டக் கண்காணிப்பும் அணைந்திருக்கும் என்பதால் நிலைமை முன்னைவிட மோசமாகும்.

இதையே ஒரு சோதனையாகவும் மாற்றிக்கொள்ளலாம். உற்பத்தியாளரின் ஒப்புதலோடு, காற்றாலையில் ஆட்கள் யாரும் இல்லாத நேரத்தில், முதல் வைண்டிங்கைத் துண்டித்து மிதமான வேகத்தில் சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். மின்னோட்டமே இல்லாத வைண்டிங்கில் அந்த ஒரு பேஸ் மட்டும் மற்ற இரண்டைவிடச் சூடாகத் தொடங்கினால், ஷார்ட் என்ற சந்தேகம் ஏறத்தாழ உறுதி. உடனே நிறுத்திவிட வேண்டும். மூன்றும் ஒன்றாகவே இருந்தால் ஷார்ட் என்ற சந்தேகம் வலுவிழக்கிறது; இணைப்புகளையும் குளிரூட்டலையும் அப்போதும் பார்த்தாக வேண்டும். சோதனை முடியும் வரை இடைக்காலப் பாதுகாப்பு வேண்டுமென்றால், மின்திறனை மட்டும் குறைக்காமல் உச்ச வேகத்தையும் குறைக்கும்படி கேளுங்கள். வேகம் குறைந்தால் வளையத்தின் மின்னழுத்தமும் குறையும்.

படிவத்தில் எதை எழுதலாம்

உங்களுக்கு முன்னால் இருப்பவை கையெழுத்திடுவது, மறுப்பது என்ற இரண்டு வழிகள் மட்டுமே என்று நினைக்கிறீர்கள். மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதையே பரிந்துரைக்கிறேன். நீங்கள் பார்த்ததையும் இன்னும் பார்க்கப்படாததையும் எழுதி அதன் கீழே கையெழுத்திடுங்கள். இப்படி எழுதலாம்: “முதல் வைண்டிங்கின் இன்ன பேஸில், மற்ற பேஸ்களோடு ஒப்பிட்டால் வெப்ப வித்தியாசம் மூன்று மாதங்களில் 4 டிகிரியிலிருந்து 9 டிகிரியாக உயர்ந்துள்ளது. காரணம் உறுதிசெய்யப்படவில்லை. சென்சார் கோளாறு, குளிரூட்டல் தடை, இணைப்பில் மின்தடை, சுற்றுகளுக்கிடையே ஷார்ட் ஆகிய நான்கும் சாத்தியம். கீழ்க்கண்ட சோதனைகள் முடியும் வரை இதை முடிக்கப்பட்டதாகக் கருத இயலாது. அதுவரை இந்தக் காற்றாலைக்குச் செல்லும் பணியாளர்களுக்கு, வைண்டிங் கோளாறு சாத்தியம் உள்ளது என்று பணிச்சீட்டில் தெரிவிக்க வேண்டும்.” இதில் மேலதிகாரியைக் குற்றம் சாட்டும் ஒரு சொல்லும் இல்லை, அவர் சொன்ன காரணமும் முதல் இடத்தில் இருக்கிறது. படிவத்தில் ‘சென்சார் கோளாறு’ என்ற ஒரே ஒரு தேர்வுதான் இருக்கிறது என்றால், குறிப்புப் பகுதியிலோ அலுவலக மின்னஞ்சலிலோ இதை எழுதி, படிவத்தை நிலுவையில் வையுங்கள். அலாரம் அளவை உயர்த்தியது யார், எந்தத் தேதியில், என்ன காரணத்தால் என்பதை மாற்றப் பதிவேட்டில் ஏற்றும்படியும் பணிவோடு கேளுங்கள்.

உங்கள் மேலதிகாரியின் நிலையிலும் நின்று ஒருமுறை பார்க்க வேண்டும். பணியாளர்களை ஏற்றிச் செல்லும் சிறிய கப்பல்கள் பொதுவாக 1.5 மீட்டர் அலை உயரத்துக்கு மேல் காற்றாலையை அணுகுவதில்லை. வட கடலின் குளிர்காலத்தில் அந்த அமைதி கிடைக்கும் நாட்கள் குறைவு. ஜெனரேட்டரையே மாற்ற வேண்டிவந்தால், கடலடியில் கால் ஊன்றி நிற்கும் பாரந்தூக்கிக் கப்பலை வாடகைக்கு எடுக்க வேண்டும். அது மிகப் பெரிய செலவு. காற்றாலை இத்தனை சதவீத நேரம் தயாராக இருக்கும் என்று ஒப்பந்தத்தில் உறுதி கொடுத்திருப்பார்கள். அந்த நெருக்கடியில் இருப்பவரிடம் ‘நிறுத்துங்கள்’ என்று மட்டும் சொன்னால் அவர் காதில் ஏறாது. மேசையிலேயே செய்யக்கூடிய சோதனைகளில் தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்டேட்டர் பல துண்டுகளாகக் கட்டப்பட்ட சில வடிவமைப்புகளில், சேதம் பரவாமல் இருந்தால் பழுதான துண்டை மட்டும் மாற்ற வழியுண்டு. எரிந்து பரவிய பிறகு அந்த வாய்ப்பு போய்விடும். சீக்கிரம் அறிவது அவருடைய கணக்குக்கும் இலாபம் என்பதை எண்களோடு காட்டுங்கள்.

தரவுகள், உரிமைகள், வேலை

தரவுகளை வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். இதில் நான் எந்தச் சலுகையும் காட்ட விரும்பவில்லை. உங்கள் நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினியிலிருந்து தரவைப் பிரதி எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆவது பிரிவின் கீழ் வரக்கூடும். நீங்கள் கையெழுத்திட்ட இரகசிய ஒப்பந்தத்தையும் மீறுவதாகும். அப்படிச் செய்த கணமே பேச்சு வைண்டிங்கை விட்டு உங்கள் மேல் திரும்பிவிடும். ஆய்வை அலுவலகக் கணினியிலேயே செய்து, முடிவை அலுவலக மின்னஞ்சலிலேயே அனுப்புங்கள்; அந்தப் பதிவு அங்கேயே நிற்கும். எந்தத் தேதியில் யாருக்கு என்ன எழுதினீர்கள் என்ற பட்டியலை மட்டும், இயந்திரத் தரவு எதுவும் இல்லாமல், உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பண்ணையின் உரிமையாளருக்கு நேரடியாக எழுதுவதையும் இப்போது தவிர்த்துவிடுங்கள். முதலில் மேலதிகாரி, பிறகு உங்கள் மையத்தின் பொறியியல் தலைவர், அதன் பின் பாதுகாப்புப் பிரிவு, கடைசியாக நிறுவனத்தின் உள்முறையீட்டு வழி என்ற வரிசையில் போங்கள். முறைகேடுகளைத் தெரிவிப்பவர்களைப் பாதுகாக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறைக்குப் பிறகு, அங்கு இயங்கும், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கு அத்தகைய வழி கட்டாயம். பெங்களூரில் இருக்கும் உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு எவ்வளவு தூரம் எட்டும் என்பது, உங்களை வேலைக்கு அமர்த்தியது எந்த நிறுவனம், முறையீடு எதைப் பற்றியது என்பவற்றைப் பொறுத்தது. அதை மட்டுமே நம்பி அடியெடுத்து வைக்க வேண்டாம்.

வேலை போய்விடுமோ என்ற கேள்விக்கு நான் வழக்கறிஞராகப் பதில் சொல்ல முடியாது. தொழிலாளர் சட்டத்தில் அனுபவமுள்ள ஒருவரை, பணி நியமன ஆணையோடும் இரகசிய ஒப்பந்தத்தோடும், பிரச்சினை வருவதற்கு முன்பே ஒருமுறை சந்தித்துவிடுங்கள். பொறியாளர் என்ற பதவிப் பெயர் இருப்பதாலேயே தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெயரைக் காட்டிலும், அன்றாடம் நீங்கள் செய்யும் வேலை தொழில்நுட்ப வேலையா, மேலாண்மை வேலையா என்பதையே பார்ப்பார்கள். நடைமுறையில் நான் சொல்லக்கூடியது இது: ‘காரணம் உறுதியாகவில்லை, இந்தச் சோதனைகள் தேவை’ என்று பணிவாக எழுதிய பொறியாளரைத் தண்டிப்பது எந்த நிறுவனத்துக்கும் எளிதல்ல. ‘சென்சார் கோளாறு’ என்று கையெழுத்திட்டு, பிறகு ஜெனரேட்டர் எரிந்துபோனால், கோளாறு முதலில் எப்போது தெரிந்தது என்று காப்பீட்டு நிறுவனமும் உற்பத்தியாளரும் உரிமையாளரும் கேட்பார்கள். அப்போது உங்கள் முதல் மின்னஞ்சலையும் அதற்கு நேர்மாறான உங்கள் கையெழுத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். வீட்டுக்கடன் உள்ள ஒருவருக்கு இரண்டில் எது பெரிய ஆபத்து என்று நீங்களே எடைபோடலாம்.

தமிழ்நாட்டுக் கடலில் காற்றாலை வரும்போது ஊர்ப்பக்கம் திரும்ப முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். குஜராத், தமிழ்நாடு கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட் அமைக்க 7,453 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. அது எந்த வேகத்தில் நடக்கும் என்பதை வைத்து வீட்டுக்கடனைத் திட்டமிட வேண்டாம். ஆனால் கன்வெர்ட்டர் வழியே ஓடும் ஜெனரேட்டரின் கோளாறைப் பதிவிலிருந்தே பிரித்தறியத் தெரிந்தவர்களுக்கு அங்கும் தேவை இருக்கும். இன்சுலேஷன் சோதனைகளை ஆழமாகக் கற்க விரும்பினால் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரிலேயே இருக்கிறது. அங்கு நடக்கும் பயிற்சிகளை விசாரித்துப் பாருங்கள்.

மீளாய்வுக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. காற்றாலை நின்றிருந்த நேரங்களின் வெப்பப் பதிவை எடுத்துப் பார்க்க அரை நாள் போதும். அதில் மூன்று பேஸ்களும் ஒன்றுசேர்ந்துவிட்டால், மற்ற சோதனைகளுக்குக் காத்திராமல் அன்றே பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதி, அந்தக் காற்றாலைக்கான பணிச்சீட்டுகளில் எச்சரிக்கையைச் சேர்க்கச் சொல்லுங்கள்.